சங்குக்கு மேலே

"ஊசியை எங்கே ஓய் போட்டான்? காட்டும்."

யதிராஜன் இடத் தோளைக் காட்டினார். திருவள்ளூர்க் கோயிலில் பெருமாள் பல்லக்குச் சுமப்பவர். தை அமாவாசைக் கூட்டத்துக்கு முன்னால் எல்லோருக்கும் காலரா ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கை மேலே எழவில்லை. சித்திரை உற்சவம் நெருங்கிவிட்டது.

வக்கீல் ஸம்பத்குமார் துள்ளினார். "மூட்டுலேயே குத்தியிருக்கான்! புஜத்துலே சதை பார்த்துன்னா போடணும்? நஷ்டஈடு கட்டாயம் வாங்கித் தரேன்."

"ஊசி போட்டவர் முதல்லே சரியான இடத்துலேதான் வெச்சார், ஸ்வாமி. சமாஸ்ரயண தீட்சையிலே ஆசார்யன் சங்கு முத்திரையைக் காய்ச்சிப் பொறிச்ச தழும்பு அங்கே இருக்கு. அதுமேல குத்தாதே, இன்னும் மேலே போடுன்னு ஒருத்தர் அதட்டினார்."

"உடனே கேட்டுட்டானா?"

"அதட்டினவர் ஊர்ப் பெரிய மனுஷர். ஊசி போட்டவர் பயந்துட்டார்."

"அப்போ அந்தப் பெரிய மனுஷன்தான் முதல் பிரதிவாதி! கோர்ட்டுலே நிறுத்தி நாறடிக்கறேன். பேரைச் சொல்லும்."

"வேண்டாமே, ஸ்வாமி."

"பல்லக்குத் தூக்கலேன்னா உம்மாத்துலே உலை எப்படி ஓய் கொதிக்கும்? சொல்லும்!"

யதிராஜன் தரையைப் பார்த்தார்.

"ஊசி வரிசையிலே அடியேனுக்குப் பின்னாலே நின்னேளே. தேவரீர்தான்."

ஸம்பத்குமார் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார்.

"பொன்னேரியிலே வேங்கடேசன்னு ஒரு வக்கீல். என்னைக் கண்டாலே ஆகாது அவருக்கு. நாளைக்கே போய்ப் பாரும்."

"கேஸே வேண்டாம், ஸ்வாமி."

"போடும் ஓய். என் பேரை முதல்லே எழுதச் சொல்லும்."