கடலிலும் கரையிலும்

சாப்பாட்டு மேசையில் போர் விளையாட்டுக்காக விரலளவு சிப்பாய்களையும் பொம்மைக் கப்பல்களையும் நிறுத்திக்கொண்டிருந்தார் கணவர்.

"ஒரு போருக்கு எதுக்குங்க மூணு விதிப் புத்தகம்?" என்றாள் மனைவி.

"கடல் சண்டைக்கு ஒண்ணு, தரைக்கு ஒண்ணு, கோட்டையைப் பிடிக்க ஒண்ணு. தப்பிச்ச கப்பல்ல இருக்கற படைதான் கரையில இறங்கும். அப்படிக் கோத்திருக்கேன்."

"கடல் ஆட்டம் நம்ம பொண்ணுக்கு அத்துப்படி."

"மத்த ரெண்டும் மாப்பிள்ளைக்கு."

அவள் முகம் மாறியது. "அவங்க பிரிஞ்சு ஆறு மாசமாச்சு. இருக்கற சண்டை போதாதா? நீங்க வேற மோதவிடணுமா?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம். அவ கப்பலைக் காப்பாத்தினாத்தான் அவருக்குப் படை."

"அப்ப எதிரி யாரு?"

"நீயும் நானும்."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நாம விட்டுக்குடுத்துத் தோத்துடணும், அதானே?"

"கூடவே கூடாது. அவங்க தோத்தாத்தான் உக்காந்து பேசுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் ஆட வந்தார்கள். மகளின் கப்பல்களில் பாதி மூழ்கிப்போயின. மிஞ்சிய கப்பல்களை அவள் ஒன்றாகச் சேர்த்தாள்.

"மிச்சத்தை எந்தக் கரையில இறக்கட்டும்?" என்றாள் பிறகு, தன் கணவனைப் பார்த்து.