சால்வைக்கு அடியில்

தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் சென்னியப்பன். மாட்டு வியாபாரியாக இருந்து, பால் நிறுவன முதலாளியாகி, இப்போது எம்.பி. நாளை சபையில் ஓட்டெடுப்பு. இதுவரை முகம் கொடுத்துப் பேசாத எதிரணித் தலைவர் இன்று சால்வையோடு வீடு தேடி வந்தது அவருக்கு நெருடியது.

"ஒரு மரியாதைக்குத்தானுங்க வந்தேன்" என்று போர்த்திவிட்டுக் கையைப் பற்றினார் தலைவர்.

"சும்மா வர்ற ஆளுங்களா நீங்க?" என்றார் சென்னியப்பன்.

கேமராவைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். சால்வையின் முனை கைகளை மூடியிருந்தது. உள்ளே அவருடைய மூன்று விரல்களைத் தலைவர் இறுக்கினார். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் எண்ணிக்கையால் விலை பேசும் அதே பிடி. இந்த ஆளுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? உதறிவிட நினைத்தார். அதற்குள் முப்பது வருஷப் பழக்கத்தில் அவருடைய கை, தலைவரின் நான்கு விரல்களைச் சேர்த்துப் பிடித்திருந்தது.