கல்யாணப் படம்

மூன்று வருஷமாகச் சேர்த்த சாமான் ஒரு மணி நேரத்தில் பிரிந்துவிட்டது. இழுபறியே இல்லை, இழுக்க இருவருக்கும் தெம்பில்லை.

"ஃப்ரிட்ஜ நீயே வச்சுக்க, யுவராணி."

"அப்ப பீரோ உனக்கு. கிரைண்டர்?"

"நான் என்னைக்கு மாவாட்டுனேன்? கொண்டு போ" என்றான் மதன்குமார்.

கடைசியில் மிஞ்சியது, சுவரில் மாலையும் கழுத்துமாகத் தொங்கிய கல்யாணப் படம். இருவர் கையும் ஒரே நேரத்தில் அதைப் பிடித்தன.

"விடு மதன், இது எனக்கு."

"வேற என்ன வேணா எடுத்துக்க. இதத் தரமாட்டேன்."

வாசலில் நின்ற வீட்டுக்காரம்மா சண்முகவள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்புட்டுப் பாசத்த உள்ள வச்சுக்கிட்டு எதுக்கு அப்பு பிரியுறீக? செத்த நேரம் பேசிப் பாருங்க. காப்பி கொண்டு வாரேன்."

அவள் தலை மறைந்ததும் யுவராணி குரலைத் தாழ்த்தினாள். "தனியாப் போற பொம்பளைக்கு இந்த ஊர்ல எவன் வீடு குடுப்பான்?"

"எனக்கு மட்டும் குடுப்பானா?"

"உனக்கு மேன்ஷனாச்சும் இருக்கு."

"வேற படம் ஒண்ணு போட்டுக்கயேன்."

"அந்த ஸ்டுடியோவ மூடியாச்சு."

மதன் படத்தைப் பார்த்தான். செம்பட்டி ஸ்டுடியோவில் யாரோ ஒரு ஜோடியின் கழுத்துக்கு மேல் இவர்கள் தலையை ஒட்டி வாங்கியது. அதைக் காட்டித்தான் இந்த வீடே கிடைத்தது. இருவருக்கும் நடந்த ஒரே கல்யாணமும் அதுதான்.

அலுப்போடு துண்டில் சுற்றிக் கொடுத்தான். "புருஷன் எங்கன்னு கேட்டா?"

"துபாயில."

"சம்பளத்தக் கொஞ்சம் கூட்டியே சொல்லு."