ஈசிஜி மிஷினைக் கழற்றியவள்

"யாரைக் கேட்டும்மா அதுல கை வெச்சே?"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் மாணவி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். உயிர் மருத்துவப் பொறியியலில் கடைசிச் செய்முறைத் தேர்வு. இதில் கோட்டைவிட்டால் பட்டம் கிடையாது.

"ஈசிஜி மிஷின்ல என்ன கோளாறுன்னு கேட்டிருந்தீங்க சார். அதான் கழட்டிப் பார்த்தேன்."

"உன் சீனியருங்க ஒருத்தராவது கழட்டினாங்களா? பழைய நோட்டைப் பார்த்து எழுதிட்டு, சமர்த்தா பாஸாகிப் போகலை?"

"தப்புதான் சார்..."

"பதினோரு வருஷமா இதே மிஷின், இதே கேள்வி! கோளாறைக் கண்டுபிடின்னா, சரிபண்ணியே வெச்சுடுவியா? அடுத்த செட்டுக்கு நான் எதை வெச்சுப் பரீட்சை நடத்தறது?"

மதிப்பெண் தாளில் 'ஃபெயில்' என்று அழுத்தி எழுதினார்.

அவள் நெஞ்சு எகிறிய எகிறலை, சோதிப்பதற்காக அவள் தன் கையிலேயே வயர்களை மாட்டியிருந்த அந்த மிஷின் பிசகில்லாமல் வரைந்து காட்டியது.