வாசல் வெளிச்சம்

தனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும் என்பதை ஒன்பது வருடமாக, சேலைக்கேற்ற பிளவுஸ் துணி விற்கும் மேட்சிங் கடையில் யாருக்கும் காட்டாமல் ஓட்டிவிட்டார் இருதயராஜ். சேலையைப் போனில் படம் எடுத்து, திரையின் நிறங்களை மாற்றிக் காட்டும் செயலியில் பார்ப்பார். சிவப்பு மட்டும் நீலமாகித் தனியே தெரியும். இன்று காலை அந்தச் செயலி திறக்கவில்லை. போனின் திரை நிறத்தை வெளி நிறுவனச் செயலிகள் மாற்ற இனி அனுமதி இல்லை என்று ஒரு வரி மட்டும் வந்தது.

முதல் ஆளாக வந்த மெர்சி டீச்சர் சேலையை விரித்து, “இதே கலர்ல பிளவுஸ் துணி குடுங்க” என்றார். இருதயராஜ் சட்டென்று ஒன்றை உருவிப் போட்டார். தயங்கினால் தெரிந்துவிடும்.

டீச்சர் இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகுநேரம் துணியைப் பார்த்தார். பிறகு இருதயராஜைப் பார்த்தார்.

பில் போடும் ஸ்டெல்லா சிரித்தாள். “என்ன டீச்சர், மெரூன் சேலைக்குப் பச்சையா?”

“நான்தான் பச்சை கேட்டேன்” என்றார் டீச்சர். “எண்பது சென்டி வெட்டுங்க.”

இருதயராஜ் தலை நிமிராமல் வெட்டினார். நூல் பிடித்தாற்போல் வெட்டுகிற கை அது. இன்று கத்தரிக்கோல் கோணலாகவே போனது. டீச்சர் கோணலான ஓரம் உள்ளே போகும்படி துணியை மடித்துக்கொண்டார்.