தாம்பரத்தில் ஏறினால்

பேனாவின் மூடியைக் கழற்றினாள். மறுபடி மூடினாள்.

மேசையில் ஒரு பழுப்பு உறை. பக்கத்தில் ஒரு தாள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. பாக்கி அவள்தான்.

உறைக்குள் ஓர் எண். இரண்டு வருடத்துக்கு முன்பே குழுத் தலைவர் இன்னாசி சார் அதை அளவீடுகளில் ரகசியமாகக் கலந்துவிட்டார். உண்மை விடை கண்ணில் பட்டால் ஆசை கணக்கை வளைத்துவிடும். அதனால் இப்படி ஒரு வழக்கம். இனி எதையும் திருத்த மாட்டோம் என்று எல்லோரும் எழுதிக் கொடுத்த பிறகுதான் உறையைப் பிரிக்கலாம்.

ஈயத்தின் அணுக்கருவைச் சுற்றி நியூட்ரான்களால் ஆன மெல்லிய தோல் ஒன்று உண்டு. அதன் தடிமன் தெரிந்தால், செத்துப்போன ஒரு நட்சத்திரத்தின் அகலத்தைச் சொல்லிவிடலாம். இங்கேயும் அங்கேயும் ஒரே சரக்கு.

ஜெர்மனிக் குளிரிலும் அவளுக்குக் கணக்கு தாம்பரம் ரயிலில்தான். தோல் மெல்லிசு என்றால், தாம்பரத்தில் தொடங்கும் நட்சத்திரம் சேத்துப்பட்டோடு முடிந்துவிடும். தடிமன் என்றால் எழும்பூரைத் தாண்டிக் கடற்கரை வரை போகும்.

சூரியனைவிடக் கனம். அகலம் அவ்வளவுதான்.

எங்கே இறங்குவது?

மூன்று வருடமாக இதே கேள்வி. பல் தேய்க்கும்போதும்.

தோலை அளக்கப் பாய்ச்சும் எலக்ட்ரான் கற்றையின் சூட்டில் ஈயம் உருகாமலிருக்க, தகட்டின் இரு பக்கமும் வைரம் வைப்பார்கள். ஈயத்துக்கு வந்த வாழ்வைப் பாரு என்பார் இன்னாசி சார். அப்படியும் ஒன்பதாம் தகடு கடைசி நாலு மணி நேரம் இளகியிருந்தது. தள்ளியிருக்க வேண்டிய அந்த அளவீடுகளையும் அவள் கணக்கில் சேர்த்திருந்தாள்.

நேற்றுதான் பார்த்தாள். வேறு யாரும் பார்க்கவில்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

ஒருவரும் திட்டவில்லை. காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

இன்னாசி சார் உறையைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"திரும்பப் பார்த்து முடிக்க மூணு மாசம் ஆகும். நீ முப்பதாம் தேதியோட வேலை முடிஞ்சு கெளம்பிருவ. எழும்பூரைத் தாண்டுதா இல்லியான்னு மட்டும் சொல்லட்டுமாம்மா?"

விடை தெரிந்தவர் கணக்கைத் தொடக் கூடாது.

முப்பதாம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.

அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அவர் உதட்டைப் பார்க்காமலிருக்க, கண்ணையும் மூட வேண்டியிருந்தது.