பதினைந்து கிலோ

ஒரு வீட்டில் ஒரு நீலப் பெட்டி இருந்ததாம். அந்த வீட்டு ஞானையாவும் அவர் மனைவி லில்லியும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து ஊர் ஊராகச் சுற்ற, பெட்டிக்கு மட்டும் ஓய்வே இல்லை.

மருமகள் ஷீபா வேறு, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பயணத்துக்கு உதவுகிற மாதிரி ஏதாவது வாங்கித் தருவாள். ஒரு வருஷம் பிளாஸ்க். அடுத்த வருஷம் கழுத்துத் தலையணை. எல்லாம் கடைசியில் பெட்டியின் வயிற்றுக்குள்தான் போகும்.

இந்த வருஷம் கேக் வெட்டி முடித்ததும், கொக்கி வைத்த சின்னக் கைத்தராசு ஒன்றைத் தந்தாள்.

"மாமா, விமானத்துல பதினைஞ்சு கிலோவுக்கு மேல விடமாட்டாங்க. இனிமே வீட்டுலயே தூக்கிப் பார்த்துக்கலாம்."

பெட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் கொக்கியைக் கைப்பிடியில் மாட்டியதும் மெல்லக் கெஞ்சியது.

"தம்பி, உனக்குப் புண்ணியமாப் போகும். பதினாறுன்னு சொல்லிடு. ரெண்டு சேலையாவது வெளியே எடுப்பாங்க."

"பொய் சொன்னா என்னை யாரு வச்சிருப்பா அண்ணே?" என்ற தராசு, "பதினொண்ணு" என்று காட்டிவிட்டது.

"லில்லி, இன்னும் நாலு கிலோ வைக்கலாம்!" என்று கத்தினார் ஞானையா.

லில்லி ஓடிப்போய் முறுக்கு டப்பா, ஊறுகாய், இஸ்திரிப் பெட்டி எல்லாம் கொண்டுவந்து திணித்தார். தராசு மறுபடியும் தூக்கிப் பார்த்து, "பதினாலே முக்கால்" என்றது வருத்தத்தோடு.

"அப்போ இதுக்கும் இடம் இருக்கு" என்று ஞானையா தராசையும் உள்ளே போட்டு மூடினார்.

"கோபமா அண்ணே?" என்றது தராசு இருட்டுக்குள்ளிருந்து.

"நல்லா உக்காரு தம்பி," என்றது பெட்டி. "டெல்லி வரைக்கும் போகணும்."